ஆயுர்வேத ஜாம் பெட்டி: மசாலாவுக்கு ஏழு மார்க், காகிதத்துக்கு மூன்று

என் மகள் சென்னையில் இருக்கிறாள். இரண்டு வாங்கினால் தள்ளுபடி என்று எங்காவது கண்ணில் பட்டால் போதும், ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு இன்னொன்றை எனக்கு அனுப்பிவிடுவாள். அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்தப் பெட்டி. ஆயுர்வேத முறையில் வீட்டிலேயே பழ ஜாம் செய்யலாம் என்று மூடியில் பொன்னிற எழுத்து, அதற்கு மேலே இரண்டு வரி சம்ஸ்கிருத சுலோகம், ஓரத்தில் ஒரு தாமரை. தனியாக வாங்கினால் 1,450 ரூபாயாம். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்களிடம் சொல்ல வேண்டியதைப் போனிலேயே சொல்லிவிட்டேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அதை வைத்து ஜாம் வருமா வராதா என்பதை மட்டும் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் குன்னூர்க்காரன். 26 வருஷம் டீ ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஜாம் காய்ச்சிய அனுபவம் கிடையாது. ஆனால் மூக்கும் கையும் அந்த வேலையில் பழகியவை. பறித்த இலையை வாடவிடுவதற்கு வாட்டல் என்று பெயர். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க இலையைக் கைப்பிடி அள்ளி இறுக்கி உருட்டி விரித்துப் பார்ப்போம். எந்த மெஷின் என்ன சொன்னாலும் கடைசியில் அந்தக் கைப்பிடிதான் தீர்ப்பு. இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும். என் தலையில் நானே குட்டிக்கொண்ட கதை அது.

பெட்டிக்குள் அரை கிலோ வெல்லத்தூள், 100 கிராம் தேன் பாட்டில், மூன்று மசாலாப் பொட்டலங்கள், பாத்திரத்தின் விளிம்பில் மாட்டக் கொக்கி வைத்த ஒரு தெர்மாமீட்டர், வடிகட்ட மெல்லிய துணி, மரக் கரண்டி, 200 மில்லி கண்ணாடி பாட்டில் மூன்று, அப்புறம் பன்னிரண்டு பக்கத்தில் வழவழப்பான ஒரு செய்முறைப் புத்தகம். இனிமேல் அதைக் காகிதம் என்றே சொல்கிறேன். ஒரு கிலோ பழம் மட்டும் நம் பொறுப்பு.

முதலில் மசாலா, ஏனென்றால் எனக்குத் தெரிந்த விஷயம் அதுதான். ஒரு பொட்டலத்தில் திரிகடுகம்: சுக்கு, மிளகு, திப்பிலி. இன்னொன்றில் ஏலம், பட்டை, இலவங்கப்பத்திரி மூன்றும் சேர்ந்த பொடி. ஆயுர்வேதத்தில் இந்த மூன்றுக்கும் சேர்த்து திரிஜாதம் என்று பெயர். சிறுநாகப்பூவும் சேர்ந்தால் சதுர்ஜாதம். மூன்றாவதில் தனிச் சுக்கு. திரிகடுகப் பொட்டலத்தைப் பிரித்ததுமே தும்மல் வந்தது, நல்ல அறிகுறி. திப்பிலி பழசாகவில்லை. கொஞ்சம் நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பாக ஏமாற்றி, அப்புறம் அரை நிமிடம் கழித்து நுனி நாக்கு மரத்துப்போகிறது. அது உண்மையான திப்பிலியின் குணம். பட்டையும் பரவாயில்லை. ஆனால் ஏலம் செத்துப்போயிருந்தது. ஏலக்காயைத் தோலோடு தந்திருந்தால் நாமே இடித்துக்கொள்வோம். பொடித்து மாதக்கணக்கில் பொட்டலத்தில் கிடந்தால் என்ன மிஞ்சும்? மரத்தூள் வாசம்தான். நான் வீட்டிலிருந்த நாலு காயை இடித்துப் போட்டுக்கொண்டேன். மொத்தத்தில் மசாலாவுக்குப் பத்துக்கு ஏழு தரலாம்.

இனி முதல் முயற்சி. ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு மரத்தில் பிளம்ஸ் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஒரு கூடை கேட்டு வாங்கி, ஒரு கிலோவை எனக்கு வைத்துக்கொண்டேன். இரண்டு கிலோவை அட்டைப் பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கி மகளுக்கு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கொட்டை எடுத்த பிறகு என் பழம் 900 கிராம் சொச்சம் நின்றது. அடி கனமான எவர்சில்வர் பாத்திரம். புளிப்பான பழத்துக்கு அலுமினியமும், ஈயம் பூசாத பித்தளை, செம்பும் ஆகாது. உலோகம் கரைந்து பழத்தில் இறங்கும். காகிதம் அதையாவது சொல்லியிருக்கிறது, பாராட்டு.

நாலாம் பக்கத்தில் செய்முறை. பழத்தை நன்றாக வேகவிடு, வெல்லம், தேன், மசாலா எல்லாவற்றையும் போடு, ஒரு ஸ்பூன் நெய் விடு, தெர்மாமீட்டர் 105 டிகிரி காட்டும்வரை கிளறு, பாட்டிலில் ஊற்று. 105 என்ற எண்ணைச் சிவப்பு வட்டத்துக்குள் போட்டு, இதற்கு ஒரு டிகிரிகூடக் குறையக் கூடாது என்று எச்சரிக்கை வேறு. நெய் விட்டதும் பொங்கி வந்த நுரை சட்டென்று அடங்கியது, அழகாக இருந்தது. அப்புறம்தான் தொல்லை.

94, 95 என்ற இடத்தில் முள் நெடுநேரம் நின்றது. நீர் வற்ற வற்ற மெதுவாக ஏறியது. 99 வந்தபோது குழம்பு பளபளவென்று, கொப்புளங்கள் பெரிதாகி, 'பளக் பளக்' என்று வெடித்துக்கொண்டிருந்தது. என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, போதும் போல இருக்கே. இறக்கிடுங்க."

"105 போட்டிருக்கு."

"காகிதமா கிளறுது? நீங்கதானே கிளறுறீங்க."

நான் இறக்கவில்லை. 101-இல் கரண்டி கனத்தது. 103-இல் அடி பிடிக்கும் வாசம் லேசாக எழுந்தது. தீயைக் குறைத்தேன், முள் இறங்கியது. கூட்டினேன், அடி பிடித்தது. கூடுதலாக அரை மணி நேரம் இந்தக் கண்ணாமூச்சி. 105 வந்தபோது பாத்திரத்தில் இருந்ததைப் பாட்டிலில் ஊற்ற முடியவில்லை, வழித்துப் போட வேண்டியிருந்தது. மூன்று பாட்டிலுக்கு வர வேண்டியது இரண்டுகூட முழுசாக நிறையவில்லை. மறுநாள் காலை பிரெட்டுக்கு எடுக்கலாம் என்று ஸ்பூனை விட்டால் ஸ்பூன் வளைந்தது. மிகைப்படுத்தவில்லை. அந்த ஸ்பூனை மனைவி இன்னும் எடுத்து வைத்திருக்கிறாள், வருகிறவர்களுக்குக் காட்ட.

அன்று மத்தியானமே மகளிடமிருந்து போன். "அப்பா, எனக்கு சூப்பரா செட் ஆயிடுச்சு. கரெக்டா 105. உங்களுக்கு எப்படி வந்தது?"

அதே பெட்டி, அதே மரத்துப் பழம், அதே காகிதம். அவளுக்கு ஜாம், எனக்குக் கடலைமிட்டாயில் கடலை இல்லாத பாகம். தெர்மாமீட்டர்தான் பழுது என்று முடிவு கட்டினேன். சோதித்துவிடலாம் என்று வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு உள்ளே வைத்தேன். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் முள் 94-இல் நின்றது. பிடித்துவிட்டேன் திருடனை என்று, ஆறு டிகிரி குறைவாகக் காட்டும் தெர்மாமீட்டரை அனுப்பியிருக்கிறீர்கள் என்று கடைக்கு ஒரு காரமான கடிதம் தட்டினேன். அனுப்பியும்விட்டேன்.

அன்று ராத்திரி குக்கரில் பருப்பு விசில் அடித்தபோதுதான் உறைத்தது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் இந்த ஊரில் பருப்பு லேசில் வேகாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். வாழ்நாள் முழுக்க இந்த ஊர்த் தண்ணீரில் டீ போட்டவனுக்கு ஜாம் என்று வந்ததும் புத்தி மழுங்கிவிட்டது. தெர்மாமீட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நல்ல தெர்மாமீட்டர்.

கணக்கு சுலபம். ஜாம் பதம் என்பது தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட ஏறக்குறைய 5 டிகிரி கூடுதல். அந்த அளவுக்கு நீர் வற்றும்போது பாத்திரத்தில் நூற்றுக்கு 65 பங்கு இனிப்பாகவும் பழச் சத்தாகவும் நிற்கும். நம் நாட்டு உணவுத் தர விதியும் ஜாமுக்கு இந்த 65 சதவீதத்தைத்தான் சொல்கிறது, பழம் 45 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனையோடு. சென்னையில் தண்ணீர் 100-இல் கொதிக்கும், ஆகவே 105 சரி. எனக்கு 99. நான் 105 வரை ஏற்றியது சென்னையில் ஒருவர் 111 வரை காய்ச்சியதற்குச் சமம். அதிரசத்துக்கு உருட்டுப் பதம் பார்ப்பவர்களைக் கேளுங்கள், அந்தச் சூட்டில் பாகு என்ன ஆகும் என்று சொல்வார்கள். ஊட்டியில் இருப்பவருக்கு 97-98 போதும், கொடைக்கானலுக்கு 98. மனைவி போதும் என்று சொன்ன இடம் மிகச் சரியாக 99.

இதைத் தங்கை மகனிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். அவன் கோவையில் ஆயுர்வேதம் படித்து வைத்தியம் பார்க்கிறவன். விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, லேகியம் கிண்டினவங்க கையில எந்தக் காலத்துல தெர்மாமீட்டர் இருந்துச்சு?" என்றான். அப்புறம் சாரங்கதரர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான சாரங்கதர சம்ஹிதையில் லேகியப் பதத்துக்குச் சொல்லியிருக்கும் அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். கரண்டியிலிருந்து நூல்போல இழுபட வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரைந்து பரவாமல் அடியில் போய் உட்கார வேண்டும், உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் ரேகை பதிய வேண்டும். மணமும் நிறமும் ருசியும் எழும்பி வர வேண்டும். இது குன்னூரிலும் செல்லும், சென்னையிலும் செல்லும், எவரெஸ்ட்டில் அடுப்பு மூட்டினாலும் செல்லும்.

என் கோபம் இங்கேதான் திரும்பியது. மூடியில் சுலோகம் அச்சடித்திருக்கிறார்கள். ஆரோக்கியத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லும் ஏதோ ஒன்று, கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் போல, அழகுக்கு. ஜாம் கிளறுகிறவனுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய சுலோகம் ஒன்று இருக்கிறது, அது பன்னிரண்டு பக்கத்திலும் இல்லை. அதற்குப் பதில் சிவப்பு வட்டத்தில் ஒரு எண்.

அவன் இன்னொன்றும் கேட்டான். "தேனை எப்போ போட்டீங்க?" வெல்லத்தோடு சேர்த்துக் கொதிக்கவிட்டேன் என்றதும் அந்தப் பக்கம் மௌனம். பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகர் காலத்திலிருந்து தேனைச் சுடவைக்காதே என்பது ஆயுர்வேதத்தின் பாலபாடமாம். சியவனப்பிராசத்தில்கூட 500 நெல்லிக்கனியை வேகவைத்து, நெய்யில் வதக்கி, சர்க்கரை சேர்த்துக் கிளறி இறக்கி, ஆறிய பிறகுதான் தேன். இது சரக சம்ஹிதையின் சிகிச்சை ஸ்தானத்தில் முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. என் மனைவியும் அடுப்படியில் அன்றைக்கே முணுமுணுத்தாள்: "தேனை யாராவது கொதிக்க வைப்பாங்களா?" ஆயுர்வேதத்தை விடுங்கள், ருசிக்காகப் பார்த்தாலும் தேனைக் கொதிக்கவைத்தால் பூவாசம் அத்தனையும் ஆவியாகிவிடும். மிஞ்சுவது விலை கூடுதலான சர்க்கரைப் பாகு. ஆயுர்வேதப் பெட்டி என்று விற்றுவிட்டு நாலாம் பக்கத்தில் தேனைக் கொதிக்கவிடச் சொல்வது, சைவ ஹோட்டல் என்று போர்டு மாட்டிவிட்டு ஆம்லெட் போடுகிற கதை. மசாலாவை முதலிலேயே போடச் சொல்வதும் அதே ரகத் தவறு. லேகியத்தில் வாசனைச் சூரணத்தை அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான் தூவிக் கலப்பார்கள். என் மாமியார் பொள்ளாச்சிக்காரர். பிரசவ லேகியமும் தீபாவளி லேகியமும் அவர் கை. ஓரத்தில் நெய் பிரிந்து வந்ததும் இறக்கி, அதற்கு அப்புறம்தான் பொடி. அவருக்குச் சாரங்கதரர் யாரென்று தெரியாது.

இரண்டாம் முயற்சியை அடுத்த ஞாயிறு வைத்துக்கொண்டேன். பெட்டியில் வெல்லம் தீர்ந்துவிட்டது, கடையில் வாங்கினேன். இந்த முறை முதலில் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து அந்தத் துணியில் வடிகட்டினேன். துணியில் அரை ஸ்பூன் மண்ணும் கரும்புச் சக்கையும் தங்கியது. பெட்டியில் வந்த வெல்லத்தூளை முதல் முறை வடிகட்டாமலே போட்டேன், காகிதம் சொல்லாததால். பல்லில் நறநறத்தது அதனால்தான் போல. அப்படியானால் துணி எதற்கு என்று காகிதத்தில் தேடிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், பாட்டிலின் மூடிக்கு மேல் கட்டினால் பரிசளிக்க அழகாக இருக்குமாம்.

அடுப்பை மூட்டும் முன் ஒரு சின்னத் தட்டை ஃபிரீசரில் வைத்தேன். பழம் வெந்து, வெல்லப் பாகு சேர்ந்து, பொங்கி, நெய்க்கு அடங்கி, பழைய 'பளக் பளக்' தொடங்கியதும் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை. தட்டை எடுத்து அரை ஸ்பூன் விட்டேன். விட்டது பரவி ஓடியது. இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு சொட்டு. மெதுவாகப் பரவியது, விரலால் தள்ளினால் மூடிக்கொண்டது. மூன்றாவது சொட்டை ஒரு நிமிடம் ஆறவிட்டு விரல் நுனியால் லேசாகத் தள்ளினேன். மேலே மெல்லிய தோல் சுருங்கியது, பாலாடை மாதிரி. விரல் போன தடம் அப்படியே நின்றது. நடுவில் தட்டின் வெள்ளை தெரிந்தது, இரண்டு கரையும் சேரவில்லை. டீ இலையைக் கைப்பிடித்து விரிக்கிறபோது ஒரு கணம் உள்ளங்கைக்கே தெரியுமே, அதே மாதிரி விரலுக்குத் தெரிந்தது. உடனே இறக்கிவிட்டுத்தான் முள்ளைப் பார்த்தேன். 98-க்கும் 99-க்கும் நடுவில்.

திரிஜாதப் பொடி ஒரு டீஸ்பூன், இறக்கிய பிறகு. திரிகடுகம் காகிதத்தில் ஒரு டீஸ்பூன் போட்டிருந்தது. நான் கால் டீஸ்பூனோடு நிறுத்தினேன். பிளம்ஸே புளிப்பு, அதில் ஒரு ஸ்பூன் திப்பிலியும் மிளகும் போனால் ஜாம் இல்லை, கஷாயம். கால் ஸ்பூன் போட்டபோது முதலில் பழம், அப்புறம் பட்டை, விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்லிய சூடு. மழை பிடித்துக்கொண்ட மாலையில் சுடச்சுட டோஸ்ட்டில் தடவிச் சாப்பிட்டதை மறக்க முடியாது. மூன்று பாட்டிலும் கழுத்து வரை நிறைந்தது.

நிறம்தான் ஏமாற்றம். பிளம்ஸின் சிவப்பை வெல்லம் விழுங்கிவிட்டது. டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. ருசியிலும் முதலில் வெல்லம்தான் முன்னால் வந்து நிற்கிறது. காகிதம் வெள்ளைச் சர்க்கரையை விஷம் என்று ஒரு பக்கம் முழுக்கத் திட்டுகிறது. தங்கை மகனிடம் கேட்டேன்; சாரங்கதரர் சர்க்கரைக்கும் அளவு சொல்லியிருக்கிறாராம், சூரணத்துக்கு நாலு மடங்கு, வெல்லமானால் இரண்டு மடங்கு. ஆக, சர்க்கரை போட்டால் ஆயுர்வேதம் ஓடிப்போய்விடும் என்பது இந்தக் கால விளம்பரம் சொல்கிற கதை. மூன்றாம் முறை பாதி சர்க்கரை, பாதி வெல்லம் போட்டேன். சிவப்பு திரும்பி வந்தது, வெல்லத்தின் கருகிய இனிப்பும் பின்னால் இருந்தது. என் சிபாரிசு அதுதான். இன்னொன்று, வெல்லம் பழத்தின் புளிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், புளிப்பு குறைந்தால் ஜாம் இறுகுவதும் குறையும். முழுக்க வெல்லம் போடுகிறவர்கள் அரை எலுமிச்சை கூடுதலாகப் பிழியுங்கள்.

பேரிக்காயிலும் ஒரு முறை பார்த்தேன். எங்கள் ஊர் நாட்டுப் பேரி கல் மாதிரி இருக்கும், நறநறக்கும், பச்சையாகத் தின்றால் பல் கூசும், வெந்தால் அருமை. காகிதம் எந்தப் பழமானாலும் ஒரே அளவு என்கிறது. அது நடக்காது. பிளம்ஸிலும் கொய்யாவிலும் பெக்டின், அதாவது ஜாமை இறுக வைக்கும் பழச் சத்து, நிறைய; தானாக இறுகும். பேரியில் புளிப்பு போதாது; அன்னாசி, நன்கு பழுத்த மாம்பழம், திராட்சை இவற்றில் பெக்டினே குறைவு. பேரி முதலில் பாயசமாகவே நின்றது. ஒன்றரை எலுமிச்சைச் சாறு விட்டு மறுபடி கொதிக்கவிட்ட பிறகுதான் தட்டில் தடம் நின்றது. இதற்கு அந்தத் தனிச் சுக்குப் பொட்டலம் பொருத்தமோ பொருத்தம். பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பொட்டலம் அது.

தேன் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, யோசித்துத்தான் தீர்த்தேன். தேனை ஆறிய பிறகு கலக்க வேண்டும். ஆனால் ஜாமைச் சுடச்சுடப் பாட்டிலில் அடைத்தால்தான் கெடாது. ஆறவிட்டுக் கிளறினால் இறுகியதும் உடைந்து தளர்ந்துவிடும். ஆகவே இரண்டு பாட்டிலைக் கொதிநீரில் போட்டெடுத்து, தேன் சேர்க்காமல் சூட்டோடு நிரப்பி மூடினேன். மூன்றாவதை மட்டும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டு ஸ்பூன் தேன் கலந்து ஃபிரிட்ஜில் வைத்து முதலில் தீர்த்தோம். தேனில் நீர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது, ஆகவே ஜாம் நீர்த்துப்போகும் என்ற பயம் வேண்டாம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு எச்சரிக்கை: ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் நாக்கில் தடவக் கூடாது. காகிதத்தில் இதுவும் இல்லை.

அதைவிட மோசமானது ஒன்பதாம் பக்கம். சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம் என்று பச்சை மையில் அச்சடித்திருக்கிறார்கள், வெல்லம் இயற்கையானது என்ற காரணத்தால். நான் எட்டு வருஷமாக மாத்திரை போடுகிறவன். வெல்லத்தில் பெரும்பகுதி சர்க்கரையே. இரும்புச்சத்து ஒரு துளி இருக்கிறது என்பதற்காக ரத்தத்தில் அது வேறு பாதையில் போகாது. 65 சதவீதம் இனிப்பு நிற்கிற பண்டம் எந்தப் பெயரில் வந்தாலும் எனக்கு அரை ஸ்பூன்தான், அதுவும் மனைவி கண்ணெதிரே. இந்தப் பக்கத்தை நம்பி யாராவது தினம் நாலு ஸ்பூன் சாப்பிட்டால் என்ன ஆவது? மற்ற பிழைகளுக்கெல்லாம் ஜாம்தான் கெடும். இதில் கெடுவது வேறு.

விலைக் கணக்கு. இதே சாமான்களைத் தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு என்று எங்கள் ஊர்க் கடைத்தெருவில் விசாரித்துப் போட்டுப் பார்த்தேன். பாட்டில் மூன்று 150, தெர்மாமீட்டர் 350, மசாலா 120, வெல்லம் 50, தேன் 80, துணி 40. மொத்தம் 790. மரக் கரண்டியைச் சேர்க்கவில்லை. அதில் வார்னிஷ் வாசம் வந்தது, முதல் நாளே தூக்கி வைத்துவிட்டோம். ஆக மீதி 660 ரூபாய் பெட்டிக்கும் காகிதத்துக்கும். அந்தக் காகிதம்தான் பழுது. தெர்மாமீட்டரும் பாட்டில்களும் மட்டும் காசுக்குத் தகுந்தவை. பாட்டிலின் மூடி இறுக்கமாக உட்காருகிறது, ரப்பர் வளையம் நல்ல தரம்.

தெர்மாமீட்டர் பற்றி நான் அனுப்பிய காரமான கடிதத்துக்காக மன்னிப்புக் கேட்கவே கடைக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார், மிக மரியாதையாகப் பேசினார். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்ற விஷயத்தை இரண்டு முறை சொல்ல வைத்துக் குறித்துக்கொண்டார். "சார், நீலகிரியிலேருந்து இதுக்கு முன்னாடியும் ரெண்டு பேர் கெட்டியாயிடுச்சுன்னு சொன்னாங்க. நாங்க தீயைக் கூட வெச்சிருப்பீங்கன்னு சொல்லிட்டோம் சார்" என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு. தேன், ஒன்பதாம் பக்கம் இரண்டையும் சொன்னேன். மேலிடத்தில் பேசுவதாகச் சொன்னார். பத்து நாளில் புது ஏலக்காய் வந்தது, தோலோடு. காகிதம் மாறியதா என்று அடுத்த பெட்டி வாங்குகிறவர்தான் சொல்ல வேண்டும்.

யார் வாங்கலாம்? சமவெளியில் இருந்து, ஜாம் என்றால் என்னவென்றே தெரியாமல், எல்லாம் ஒரே பெட்டியில் வேண்டும் என்கிறவர்கள் தள்ளுபடி வந்தால் வாங்கலாம். வீட்டில் தெர்மாமீட்டரும் பாட்டிலும் இருந்தால் தேவையில்லை. நாட்டு மருந்துக் கடையில் 100 ரூபாய்க்குத் திரிகடுகமும் சுக்கும் பட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். மலையில் இருக்கிறவர்கள் வாங்கினால் முதல் வேலையாக வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதோடு ஐந்தைக் கூட்டி, சிவப்பு வட்டத்தைப் பேனாவால் அடித்துவிட்டு அந்த எண்ணை எழுதுங்கள். தட்டையும் ஃபிரீசரில் வைத்துவிடுங்கள்.

முதல் நாள் காய்ச்சிய அந்தக் கறுப்புப் பாறை வீணாகவில்லை. பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி இளக்கி, நெய் தடவிய தட்டில் கொட்டி, துண்டு போட்டு, சர்க்கரையில் புரட்டி வைத்தாள் மனைவி. திரிகடுகம் முழு ஸ்பூன் விழுந்தது அதில்தானே. இருமலுக்கு நன்றாகக் கேட்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டு வாங்கிப் போகிறார். பிளம்ஸ் அவர் மரத்துப் பிளம்ஸ், மறுக்க முடியவில்லை.